ஆப்பரேசன் இல்லை என்றால் என்ன அர்த்தம்

தம்பி,

ரஹாங் கல்யாண மண்டபத்தை ரத்து செய்தது நான்தான். மண்டபத்துக்காரர் சொல்லி, பெரிய மாமா இந்நேரம் உனக்குப் போன் செய்திருப்பார். உன் அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்றும் சொல்லியிருப்பார். குழம்பவில்லை. இன்று காலையில் குளித்து, விபூதி பூசி, உன் அம்மா ஆக்கிய கஞ்சியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். சிரம்பானில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, மண்டபத்து மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்து, "ஆவணி மாசம் எங்க வீட்டுக் கல்யாணம் இல்ல, அந்தத் தேதிய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று சொன்னேன். அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "பொண்ணு வீட்ல ஏதும் பிரச்சினையா அண்ணே?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லலா. மாப்பிள்ளையோட அப்பா சாகல. அதான் பிரச்சினை" என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

நீ கோபப்படுவாய். கோபப்படு, ஆனால் இதை முழுசாகப் படித்த பிறகு கோபப்படு. போனில் சொல்லலாம் என்றால் "அப்பா" என்று ஆரம்பிக்கும்போதே உன் குரல் உடைந்துவிடுகிறது, அதைக் கேட்டு என் குரலும் உடைகிறது. நாம் இரண்டு பேரும் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்து, அப்புறம் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்த கை இது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஜொகூரில் உன் ஷிப்ட் முடிந்ததும் ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. மோட்டார் ஓட்டிக்கொண்டே படிக்காதே.

பாதிக் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். நீ வேலைக்குப் போன வருஷம் எனக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி, மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிறது. கதிர்வீச்சு கொடுத்தார்கள், கொஞ்ச காலம் ஊசி போட்டார்கள், அடங்கிவிட்டது. நம் தாமான் குடியிருப்பில் யார் கேட்டாலும் நீர்க்கடுப்பு என்று சொல்லி உன் அம்மா சமாளித்தாள். கீழே வந்த நோய் கீழேயே முடிந்தது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். இந்த வருஷம் பார்த்தால் சோறு இறங்கவில்லை. இரண்டு கவளத்துக்கு மேல் வாயில் வைத்தால் குமட்டல். நம் ஆட்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், கேஸ்ட்ரிக். பக்கத்து வீட்டில் கேஸ்ட்ரிக் என்றார்கள், கோயிலில் கேஸ்ட்ரிக் என்றார்கள், கோலா பிலா சந்தையில் கீரை விற்கிற அம்மா கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேஸ்ட்ரிக்காண்ணே? காலைல வெறும் வயித்துல கோப்பி குடிக்காதீங்க" என்றாள். கிளினிக்கில் வாங்கிய வெள்ளை மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். கடைசியில் வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பாக இருந்து, எழுந்து நின்றால் கண்ணைக் கட்டியபோதுதான் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே ரத்தம் ஏற்றினார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் ஒரு கட்டி, அதன் மேல் புண். பார்த்தால் வயிற்றுப் புற்றுநோய் மாதிரி இருக்கிறது, கிள்ளி எடுத்த துண்டைச் சோதித்துவிட்டுச் சொல்கிறோம், அதுவே என்றால் இரைப்பையில் பெரும்பகுதியை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அதைக் கேட்டு வந்த உன் அம்மா செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வயிறு இல்லாதவனுக்கு எல்லாவற்றையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்று பிளெண்டரை எடுத்து வைத்துக்கொண்டாள். சோற்றை அரைத்தாள், சாம்பாரோடு இட்லியை அரைத்தாள், ஒருநாள் பரோட்டாவை அரைத்து எனக்கு முன்னால் வைத்தாள். "ஏன்டி, வயித்த எடுக்கிறதுக்கு முன்னாடியே என்னைய எடுத்துருவ போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவள் ஏன் அப்படிப் பயந்தாள் என்பதற்குக் காரணம் உன் சித்தப்பா. நீ அவனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். என் தம்பிக்கும் வயிற்றில்தான் வந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆப்பரேசன் என்று சொன்னதும் நாங்கள் எல்லாரும் பயந்தோம். சில நாள் கழித்து, ஆப்பரேசன் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். விவரம் தெரியாமல் நாங்கள் சந்தோஷப்பட்டோம். எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் அவனுக்கு ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவே இல்லை. அன்றையிலிருந்து நம் குடும்பத்தில் ஆப்பரேசன் இல்லை என்றால் ஒரே அர்த்தம்தான், டாக்டர் கைவிரித்துவிட்டார். வெளியே கேட்டுப் பார், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பாதிப் பேர் அப்படித்தான் அர்த்தம் வைத்திருப்பார்கள். கத்தியை எடுத்தால் நம்பிக்கை இருக்கிறது, எடுக்காவிட்டால் இல்லை.

இப்போது முடிவு வந்த நாளைச் சொல்கிறேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை, பெரிய மாமாதான் என்னைக் காரில் கூட்டிப் போனார். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாக்சிக், ஆப்பரேசன் தா பாயா" என்றது. ஆப்பரேசன் தேவையில்லை பெரியவரே என்று அர்த்தம். அதற்குப் பிறகும் அந்தப் பெண் நெடுநேரம் பேசியது, காகிதத்தில் படம் கூடப் போட்டுக் காட்டியது. மாமா காதில் எதுவும் ஏறவில்லை. என் காதிலும் ஏறவில்லை என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தலையைத் தலையை ஆட்டினோம், தெரிமா காசி என்று நன்றி சொன்னோம், நர்ஸ் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டாள், மாத்திரை கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்தோம். காரில் ஏறியதும் மாமா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். கார் கிளம்புவதற்கு முன்பே உனக்குப் போன் போட்டார். "தம்பி, ஆப்பரேசன் இல்லன்னுட்டாங்கடா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அன்பினால் நடந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா போய்விட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கூடாது, அதனால் அவர் கண்ணால் பார்க்கும்படி இப்போதே முடித்துவிடலாம் என்று மாமா ஆரம்பித்தார். நீ சரி என்றாய். பெண் வீட்டாரும் பெரிய மனசோடு சரி என்றார்கள். அடுத்த வருஷம் தீபாவளி கழித்து என்று நீயும் தர்ஷினியும் யோசித்து வைத்த கல்யாணம் இந்த ஆவணிக்கு ஓடி வந்துவிட்டது. நான் கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். செத்துப்போகிறவன் குறுக்கே பேசக் கூடாது என்று நினைத்தேன்.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? எனக்குப் பசித்தது. ஊசி போட்டுச் சில வாரம் ஆகியிருக்கும், ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிற வாசனை வந்தது, வாயில் எச்சில் ஊறியது. உன் அம்மாவிடம் சொன்னால் நம்பவில்லை. அரைக்காமல் ஒரு தட்டு சோறு போடச் சொல்லி, மீன் குழம்பு ஊற்றி, முழுத்தட்டையும் சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளிக்கு வேலை இல்லை. மறுநாளும் பசித்தது. அடுத்த வாரம் கோயில் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன். சாகப் போகிறவனுக்கு எதற்கு இப்படிப் பசிக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெரிய மாமாவிடம் சொன்னதற்கு, விளக்கு அணைகிறதுக்கு முன்னால் பிரகாசமாக எரியும் என்றார். நான் விளக்கு இல்லை மச்சான், எனக்குப் பசிக்கிறது என்றேன்.

போன வியாழக்கிழமை மறு அப்பாயின்மென்ட். யாரையும் கூப்பிடாமல் நானே பஸ்ஸில் போனேன். அதே டாக்டர். உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன், "டாக்டர், சுடா கிவ் அப் கா?" என்று. கைவிட்டுவிட்டீர்களா என்று நான் கேட்டது அதற்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஆப்பரேசன் இல்லை என்று சொன்னீர்களே என்றேன். அந்தப் பெண் முகத்தில் கையை வைத்துக்கொண்டது. "பாக்சிக், இத்தனை வாரமும் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டு, வெளியே நர்ஸிடம் அடுத்த ஆளைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொன்னது. இந்த முறை நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டேன், புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன். நீயும் நிறுத்தி நிதானமாகப் படி.

என் வயிற்றில் இருப்பது வயிற்றுப் புற்றுநோய் இல்லை. கிள்ளி எடுத்த துண்டைச் சாயம் போட்டுப் பார்த்ததில், அது இரைப்பையில் பிறந்தது இல்லை, பழைய புரோஸ்டேட் நோய்தான் ரத்தத்தோடு போய் அங்கே குடியேறியிருக்கிறது என்று தெரிந்ததாம். "ரூமா லாயின், ஓராங் சமா" என்றது டாக்டர். வீடு வேறு, ஆள் அதே ஆள். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகுமாம், இரைப்பைக்கு வருவது மிகவும் அபூர்வமாம், தானே அதைப் புத்தகத்தில்தான் படித்திருப்பதாகவும், பெரிய டாக்டர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியதாகவும் சொன்னது. உன் அப்பன் ஆலையில் இருந்த காலத்திலும் எதையும் மற்றவர்கள் மாதிரி செய்ததில்லை, நோயையாவது ஒழுங்காக வாங்கியிருக்கலாம். வயிற்றிலேயே பிறந்த கட்டி என்றால் வெட்டி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. இது வேறு இடத்திலிருந்து வந்தது, வயிற்றை வெட்டினாலும் ஆள் ஒழிய மாட்டான். அதனால் அவன் எங்கே ஒளிந்திருந்தாலும் அவனுக்குப் போகிற தீனியை நிறுத்துகிற ஊசியும் மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆண்களுக்குச் சுரக்கிற ஒரு நீர்தான் அதற்குத் தீனியாம். தீனி நின்றதும் கட்டி சுருங்கத் தொடங்கியிருக்கிறது, ரத்தத்தில் நோயைக் காட்டுகிற அளவும் நன்றாக இறங்கியிருக்கிறது. எனக்குப் பசித்ததற்கு அதுதான் காரணம்.

உனக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. இது முழுசாகப் போய்விடுமா என்று கேட்டேன். போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றது. எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். சொல்ல முடியாது, சிலருக்கு நீண்ட நாள் கேட்கும், சிலருக்குச் சீக்கிரம் பழகிப்போகும், இது கேட்காவிட்டால் வேறு மருந்து இருக்கிறது, சலைன் போல ஏற்றுகிற கீமோவும் இருக்கிறது என்றது. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆக நான் குணமாகிவிட்டவன் இல்லை. அதே சமயம் கைவிடப்பட்டவனும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய இடம் இருக்கிறது தம்பி, அங்கேதான் நான் இப்போது சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை வந்து சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மாமாவை வீட்டுக்கு வரவழைத்துச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, எங்களுக்குத் தைரியம் சொல்றீங்க, புரியுதுலா. டாக்டருங்க யாரு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க?" என்றார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நோயாளி நன்றாக இருக்கிறேன் என்றால் அது தைரியம், நன்றாக இல்லை என்றால் அது உண்மை. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் நான் வாயைத் திறப்பதிலேயே பிரயோஜனம் இல்லை. அதையும் பொறுத்துப் போயிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி வந்தாள்.

ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, அப்பா அம்மா யாரும் வராமல், தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். செனவாங் தொழிற்சாலையில் அத்தனை பேரில் அவளைப் பொறுக்கியெடுத்து ஜப்பானுக்கு ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கு, நான் தாமான் முழுக்க லட்டு கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். எப்போதம்மா கிளம்புகிறாய் என்று கேட்டேன். "இல்ல அங்கிள், போகல. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள். ஏன் என்றதற்கு, கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இப்படி இருக்கும்போது எப்படி விட்டுவிட்டுப் போவது, ஊர் என்ன பேசும் என்று பெரிய மாமா சொன்னதும் சரிதானே என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பரவாலை அங்கிள், ஜப்பான் எங்க ஓடிப்போயிடப் போகுது?" என்றாள். எனக்கு உடம்பு தேறிவருகிறது என்று நான் சொல்லச் சொல்ல, "ஆமா அங்கிள், ஆமா அங்கிள்" என்று குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டே எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. நோய் வந்ததற்குக் கூட நான் அப்படி அழுததில்லை.

ஏனென்றால் இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். நீ பார்த்ததில்லை, உனக்கு யாரும் சொன்னதும் இல்லை. உன் அம்மாவுக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. எஸ்டேட்டிலிருந்து அப்படி ஒரு பெண் போவது அப்போது பெரிய விஷயம். நர்ஸுகள் காலில் போடுகிற வெள்ளைச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தாள். அந்த நேரத்தில் என் அப்பா நெஞ்சு வலி என்று படுத்தார். அவர் கண்ணை மூடுவதற்குள் என்று எல்லாரும் ஓடினார்கள், எங்கள் கல்யாணத்தை இழுத்துக்கொண்டு வந்து நடத்தினார்கள். தாலி கட்டிய மறுவாரம் என் அப்பா எழுந்து உட்கார்ந்து கள்ளுக்கடைக்குப் போக வேண்டும் என்றார். உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது உன்னை மடியில் வைத்திருந்தது அவர்தான். உன் அம்மா அந்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எஸ்டேட்டில் உரம் போடப் போனாள், அது செம்மண் நிறமாகிக் கிழிகிற வரைக்கும் போட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை அவள் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்த நர்ஸுகள் நடந்து போவதை அவள் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். உன் வீட்டில் அப்படி ஒரு பார்வை இருக்கக் கூடாது. இதற்காக நான் யாரோடும் சண்டை போடுவேன், உன்னோடும் போடுவேன்.

ஊசியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதே. ஆண் நீரை நிறுத்துவதால் எனக்கு இப்போது திடீர் திடீரென்று உடம்பு பற்றி எரிகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. பெண்களுக்கு ஒரு வயதில் வருமே, அதே சங்கதி. உன் அம்மாவுக்கு அது வந்த காலத்தில் காத்தாடிக்கு நேராகப் போய் நிற்பாள், நான் என்ன பாய்லர் ஏறிடுச்சா என்று கிண்டல் பண்ணுவேன். இப்போது நான் காத்தாடியைத் தேடி ஓடுகிறேன், அவள் சோபாவில் உட்கார்ந்து, "என்னங்க, பிரஷர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்கிறாள். வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். நீ மட்டும் தர்ஷினியைக் கிண்டல் பண்ணுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசி, அந்த உடம்பு என்ன பாடுபடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். நான் கேட்டதே இல்லை. உடம்பைப் பற்றி ஒருவருக்கொருவர் வெட்கமில்லாமல் பேசிக்கொள்ளுங்கள். நீர்க்கடுப்பு என்று சொல்லி மறைத்த மாதிரி நீங்கள் இரண்டு பேரும் எதையும் மறைக்காதீர்கள்.

அதில் முதல் வேலை உனக்கு இருக்கிறது. அப்பாவுக்கு இந்த நோய் இப்படிப் பரவியிருந்தால் மகன்களுக்கும் வருவதற்கு வாய்ப்பு கூடுதல், அதனால் உன்னிடம் சொல்லச் சொல்லி டாக்டர் என்னிடம் சொன்னது. என் ரத்தத்தில் வழிவழியாக வருகிற கோளாறு ஏதும் இருக்கிறதா என்று சோதிக்கவும் கேட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நீ பயப்பட வேண்டாம், ஆனால் நாற்பதை நெருங்கும்போது டாக்டரிடம் போய் இதைச் சொல்லி ரத்தம் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். வெட்கம் என்று தள்ளிப்போட்டால் நான் எங்கிருந்தாலும் வந்து காதைத் திருகுவேன். தர்ஷினியிடமும் அவள் அப்பா அம்மாவிடமும் இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல். சொன்னால் சம்பந்தம் கெடும் என்று மாமா பயப்படுகிறார். உண்மையைக் கேட்டுக் கெடுகிற சம்பந்தம் என்றால் இப்போதே கெடட்டும். ஆனால் கெடாது. ஆரஞ்சு உரித்துக் கொடுத்த பெண்ணை எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வருஷத் தீட்டு விவகாரத்தையும் முடித்துவிட்டேன். மண்டபத்திலிருந்து வரும் வழியில் கோயிலில் இறங்கி ஐயரிடம் கேட்டேன். அடுத்த வருஷம் தீபாவளி கழித்து என் மகன் கல்யாணம். அதற்குள் நான் இல்லாமல் போனாலும் ஒருநாள் கூடத் தள்ளக் கூடாது, சாமி சாட்சியாகச் சொல்கிறேன், செல்லுமா என்றேன். ஐயர், "பெத்தவரே உத்தரவு குடுத்துட்டா நான் என்னங்க சொல்றது? நானே வந்து நடத்தி வைக்கிறேன்" என்றார். மாமாவிடம் இன்று ராத்திரிக்குள் நானே போன் செய்து காரணத்தைச் சொல்வேன். நீ அவரிடம் கோபத்தைக் காட்டாதே. என்னைத் தூக்கிக் காரில் ஏற்றியது அந்த மனிதர்தான், எனக்காக அழுததும் அவர்தான். அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு அவரையும் உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன், லீவு போட்டு வை. டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அது அடுத்த மாதம். வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடும். அதனால் இந்த ஒரு தடவை மட்டும் டாக்டர் வாயால் கேட்காமல், பாதி நரைத்து, பாதி உடம்பாகி, காத்தாடிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிற உன் அப்பன் சொல்வதை நீ நம்ப வேண்டும்.

எனக்கு இதில் என்ன ஆசை என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட வேண்டும். அதற்காக ஊசி போட்டுக்கொள்வேன், மாத்திரை தின்பேன், கீமோ என்றால் அதற்கும் கையை நீட்டுவேன், முடி கொட்டினால் கொட்டட்டும். எனக்கு முன்னால் ஒரு தேதி வேண்டும் தம்பி, நான் போய்ச் சேர வேண்டிய தேதி. நீங்கள் அதைப் பிடுங்கி என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். அதைத் திரும்ப அடுத்த வருஷத்தில் கொண்டுபோய் வை. நான் நடந்து வருகிறேன்.

படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் தர்ஷினியைக் கூப்பிடு, பெட்டி அடுக்கச் சொல். என்னிடம் அப்புறம் பேசலாம். நான் எங்கேயும் போகவில்லை.

அப்பா